பழைய வண்டியும் பழைய கடனும்

தம்பானூர் இரயில் நிலையத்துக்கு அணித்தே ஒரு கொட்டகையில் நாம் கண்ட மோட்டார் வண்டி பல நாளாக நம் சிந்தையை விட்டு அகலவில்லை. எம்.ஜி. என்னும் ஆங்கில நாட்டு விளையாட்டுக் கார், டி.சி. வகை. அபிங்டன் நகரில் 1945 முதல் 1949 வரை ஏறக்குறைய 10,000 வண்டிகளே இவ்வகையிற் செய்யப்பட்டன. வெளியே தகடு, உள்ளே ஆஷ் எனும் சீமை மரத்தாலான சட்டம். மலையாள நாட்டு மழைக்கு அம்மரம் எத்தனை காலம் தாங்கும்? அது உளுத்துப்போகவே, உள்ளூர்த் தச்சர் ஒருவர் தோணி கட்டும் அயினி மரத்தால் சட்டம் முழுவதையும் புதிதாக இழைத்து அமைத்தார். கூலியிற் பாதி நிலுவையாக இருக்கையிலேயே அவர் காலமானார்.

அவர் மகள் பாக்கியைக் கேட்கச் சென்றபோது நாமும் துணைக்குச் சென்றோம். உடையவர் கூறியது: "அம்மா, உன் தகப்பனார் வேலை செய்தது பழைய ஓட்டை வண்டியில். அதன் பிறகு எத்தனையோ மாறிவிட்டன. இது வேறு வண்டி." அரைமணி கழித்து வண்டியை விலை பேச ஒருவர் வந்தார். அவரிடம் சொன்னதோ, "1948-இல் சீமையிலிருந்து வந்த அதே வண்டி!"

இவ்வினா இலண்டன் உயர்நீதிமன்றத்துக்கும் 1990-இல் வந்தது. 'ஓல்ட் நம்பர் ஒன்' எனப்படும் பெண்ட்லி பந்தய வண்டி, பிரான்சு தேசத்து லெ மான் 24 மணிப் பந்தயத்தில் 1929, 1930 ஆகிய இரண்டாண்டும் வென்றது. 1932-இல் புரூக்லண்ட்ஸ் ஓட்டத்தில் அதனைச் செலுத்திய கிளைவ் டன்ஃபீ விபத்தில் மாண்டார். பின்னர் வண்டி வேறு உடல் பூண்டது. ஒரு கோடி பவுனுக்கு வாங்க இசைந்தவர்கள், 1929-ஆம் ஆண்டின் பாகம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லையெனப் பின்வாங்கினர். நீதிபதி ஆட்டன் ஒப்பவில்லை. பாகங்கள் படிப்படியாக மாறினவேயன்றித் தொடர்ச்சி அறவில்லை. ஆதலின் அப்பெயர் அதற்கே உரியது என்றார்.

நாம் நூற்ற ரிங் பிரேமில் ஓல்டாம் நகரத்துப் பிளாட் கம்பெனியின் பெயர் வார்ப்பிலேயே இருந்தது. கதிரும் வளையமும் உருளையும் நம் பிட்டர்கள் மாற்றி மாற்றி வைத்தவை. அக்கைகளுக்குப் பெயர்ப்பலகை ஏது?

கடன் வண்டிக்கன்று, வாக்களித்த மனிதனுக்கு என்பீர்கள். மெய்யே. ஆயின் அம்மனிதரும், "அந்நாளில் இருந்த நான் வேறு" என்றால்? சிரிக்க வேண்டாம். அநாத்ம உபதேசத்தை அரைகுறையாகக் கேட்டு, நேற்றைய நான் இன்றில்லை எனக் கணக்கைத் துடைக்கத் துணிவோர் நம்மிடையும் உண்டு. குடித்திருந்த காலத்தில் உடன் வேலை செய்தவரிடம் பட்ட கடனை, 'தம்மம் ஏற்றுப் புது மனிதரானோம்' என்று நாமே நாலாண்டு கடத்தினோம். திருப்பிக் கொடுக்கச் சென்ற நாளில் அவர் வீட்டில் அவர் இல்லை. அவர் படம் இருந்தது.

மிலிந்த மன்னனுக்குத் தேரைக் காட்டி, அச்சும் தேரன்று, சக்கரமும் தேரன்று என நாகசேனர் விளக்கியதை நம்மவர் பலரும் சொல்வர். அவரே கூறிய மாங்கனி உவமையைச் சொல்வோர் குறைவு. மாங்கனி களவாடியவன், 'உடையவன் நட்டது வேறு கனி, நான் எடுத்தது வேறு கனி' என வாதித்தால் விடுபடுவானோ? நட்டதினின்றே எடுத்தது விளைந்தது. ஆகவே குற்றவாளியே என்றார் மன்னன். தேர் உவமையால் செருக்கு அறும். கனி உவமையின்றிப் பொறுப்பு நில்லாது.

கொட்டகைக்காரரிடம் இதனை நாம் சொல்லவில்லை. அவர் கேட்டது அத்தாட்சி. அப்பெண் தகப்பனாரின் குறிப்பேட்டை விரித்தாள். பென்சிலில் அயினிப் பலகையின் அளவு, ஆணிக் கணக்கு, வேலை செய்த நாட்கள், பெற்ற தொகை. அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, ஓணம் கழிந்து வரச் சொன்னார். குறிப்பேட்டைத் தம்மிடம் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அவள் கொடுக்கவில்லை.