குழலுக்குள் பார்ப்பது

இத்தாலியின் வடக்கே, பிரெஷியாவை ஒட்டிய மலைப் பள்ளத்தாக்கில் கார்தோனே என்றொரு சிற்றூர். 17-ஆம் நூற்றாண்டில் அங்கே கொமினாசோ குடும்பத்தார் அடித்துச் செய்த கைத்துப்பாக்கிக் குழல்கள் ஐரோப்பா முழுக்கப் புகழ் பெற்றன. எடை குறைவு, சுவர் மெல்லிசு, ஆனாலும் தாங்கும். புகழ் பரவியதும் வேறு பட்டறைக்காரர்களும் ‘லாசரினோ கொமினாசோ’ என்ற பெயரைத் தங்கள் குழல்களில் வெட்டத் தொடங்கினார்கள். சிலர் எழுத்துப் பிழையோடு வெட்டினார்கள். இன்று அந்தப் பெயர் தாங்கிய பழைய துப்பாக்கி ஒன்று கைக்கு வந்தால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் சந்தேகப்படுகிறார்கள்.

வாய்வழியே கருமருந்தும் ஈயக்குண்டும் இட்டுச் சுடும் கைத்துப்பாக்கியை இன்று வாங்குகிறவர்களில் பலர் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காகித இலக்கைச் சுடப் பழகுகிறவர்கள். சர்வதேசப் போட்டியில் சிக்கிமுக்கிக் கல் கைத்துப்பாக்கிப் பிரிவுக்குக் கொமினாசோவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். சுடுகிறவரின் முகத்துக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில்தான் மருந்து பற்றி எரியப்போகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் அலட்சியத்துக்கு இடமே இல்லை.

கண் முதலில் போவது வெள்ளிப் பூவேலைக்கும் மெருகேறிய வால்நட் கைப்பிடிக்கும். அதை ஒதுக்கிவிட்டு, கல்லைக் கவ்வியிருக்கும் குதிரையைப் பாதிவரை இழுத்து நிறுத்திப் பார்க்கவேண்டும். அந்த நிலையில் விசையை அழுத்தினால் குதிரை விழக் கூடாது. விழுந்தால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடலாம். அடுத்து, கல் மோதும் எஃகுத் தகடு. கல் எஃகைச் சுரண்டுகிறது; சுரண்டிய துகள் காற்றில் எரிவதுதான் பொறி. தகட்டின் மேல்தோல் கடினப்படாமல் இருந்தால் கல் அதில் பள்ளம் பறிக்கும், பொறி சிதறாது. எலும்புக் கரியோடு பெட்டியில் அடைத்து, சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் அமிழ்த்தும் பழைய முறை இதற்காக வந்ததுதான். மலிவான நகல்கள் பல இங்கேதான் தோற்கின்றன.

புதுக் குழல் வெடியைத் தாங்குமா என்பது மட்டும் கண்ணுக்குத் தெரியாது. பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவதுபோல இதை வாங்க முடியாது. குறை உலோகத்துக்குள் ஒளிந்திருக்கும். 1637-இல் அரச சாசனம் பெற்ற லண்டன் துப்பாக்கிக் கொல்லர் சங்கம் கைக்கொண்ட வழி கடுமையானது. புதுக் குழலில் வழக்கமான அளவைவிட மிகுதியாக மருந்தைக் கிட்டித்து வெடித்தார்கள். பிளந்தால் போயிற்று. பிளக்காமல் வீங்கினாலும் கழித்துவிடுவார்கள். தாங்கி நின்றதன்மேல் மட்டும் மகுட முத்திரை விழும். 1813-இல் இங்கிலாந்தில் இது சட்டமாகி, சோதனை பெறாத குழலை விற்பது குற்றம் என்றானது. கார்தோனேயிலும் சோதனைச்சாலை உண்டு. இன்றைய நகல் துப்பாக்கிகள் பலவும் அங்கிருந்து முத்திரையோடுதான் வெளியே வருகின்றன.

எனக்கு அந்த முத்திரைமேல் பெரிய மதிப்பு. பாடுபட்டு அடித்து, துளைத்து, தேய்த்த குழலை, உடைந்தால் உடையட்டும் என்று இன்னொருவர் கையில் கொடுக்கிறான் கொல்லன். பொய்ப் பெயரை வெட்ட ஓர் உளி போதும். தன் உழைப்பு கண்ணெதிரே சிதறலாம் என்று தெரிந்தே கொடுப்பதற்கு நேர்மை வேண்டும்.

ஆனால் அந்த முத்திரை சொல்லும் சாட்சியும் சோதித்த நாளுக்குத்தான். கருமருந்தில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிந்தபின் அதன் எடையில் பாதிக்குமேல் புகையிலும் குழல் சுவரிலும் உப்புக் கசடாக மிஞ்சுகிறது. கசடு காற்றின் ஈரத்தை இழுக்க, ஈரம் எஃகைத் தின்னும். சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் பூசவேண்டும். குண்டு மருந்தோடு ஒட்டி உட்காராமல் நடுவில் இடைவெளி விட்டுச் சுட்டால், முத்திரை வாங்கிய குழலும் வீங்கிவிடலாம். புகையில்லா மருந்தை இதில் போடவே கூடாது.

லண்டனில் ஜோசப் மான்டன் செய்த துப்பாக்கிகளில் சில, இரண்டு நூற்றாண்டு கழித்தும் சுடும் நிலையில் இருக்கின்றன. அவற்றின்மேல் மான்டன் பெயர் இருக்கிறது. சுட்டுவிட்டு வந்த மாலைகளில் அலுப்புப் பார்க்காமல் வெந்நீர் வைத்துக் கழுவியவர்களின் பெயர் எங்கும் இல்லை. அவர்களில் ஒருவர் சில நாள் சோம்பியிருந்தால் மான்டனின் திறமை துருவோடு போயிருக்கும். நீடித்து உழைக்கும் பொருளைத் தேர்ந்தெடுக்கிறோம் என்கிறோம். அந்த நீடிப்பில் பாதியைத்தான் செய்தவன் தரமுடியும். மீதி இன்னும் நடக்கவே இல்லை. வாங்குகிறவரும் அவருக்குப்பின் வருகிறவர்களும் நாள்தோறும் செய்யவேண்டியது அது.

அதனால்தான் பழையதை வாங்கப் போகிறவர் பெயரைப் படிப்பதற்கு முன் குழலுக்குள் பார்க்கிறார். மருந்து கிட்டித்தபடியே பல வருடம் கிடந்த துப்பாக்கிகளும் உண்டு என்பதால், காலியாக இருப்பதை முதலில் தக்கவரைக்கொண்டு உறுதிசெய்துகொள்ளவேண்டும். பிறகு விளக்கை உள்ளே விட்டு, மருந்து எரியும் அடிப்பகுதியைப் பார்க்கவேண்டும். அங்கே துருக்குழிகள் இருந்தால், மான்டனே செய்ததென்றாலும் சுடுவதற்கு வேண்டாம். புதியதை வாங்குகிறவர் குழல் துடைக்கும் கோலையும் துணியையும் எண்ணெயையும் துப்பாக்கியோடு அன்றைக்கே வாங்கிக்கொள்ளட்டும்.