முத்திரையும் உடைமையும்

ஜமுனாமரத்தூரைச் சுமந்து நிற்கும் ஜவ்வாது மலையிலும் அடிவாரத்துச் செங்கம் வட்டாரத்திலும், ஆநிரை மீட்டு மாண்ட வீரர்க்கு எடுத்த நடுகற்கள் வெட்டவெளியில் நிற்கின்றன. அவற்றுட் பலவற்றில் மாண்டவன் பெயரும் அக்காலத்து அரசன் பெயரும் உண்டேயன்றி, ‘இக்கல் என்னுடையது’ என்று உரிமை பேசும் சொல் இல்லை. ஐரோப்பியப் பிரபுக்களின் நூல்களிலோ, பதனிட்ட கன்றுத்தோலின்மேல் முட்டை வெண்கருவைப் பூசி, பொற்றாளை இட்டு, சூடேற்றிய பித்தளை அச்சை அழுத்திக் குலச்சின்னத்தைப் பதிப்பார்கள்; ஏட்டைத் திறக்குமுன்பே உடையவன் யாரென்று மேலட்டை சொல்லிவிடும்.

வேதவாக்கை ஏந்திய நூலுக்கு இத்தகைய உடைமை பொருந்துமா?

சீகன்பால்கு பாதிரியார் மொழிபெயர்த்து, 1715இல் தரங்கம்பாடியில் அச்சேறிய தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் பிரதியொன்று, தஞ்சைச் சரஸ்வதி மகால் நூலகத்திலிருந்து 2005இல் களவுபோயிற்று. அது லண்டனில் இருப்பதைக் கண்டறிந்ததாகச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவினர் 2022இல் அறிவித்தனர். சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் பயின்றும் தம் சமயத்தை விடாத இரண்டாம் சரபோஜி மன்னர் வளர்த்த அந்நூலகத்தில், பிற சமயத்தாரின் வேதமும் சிரத்தையோடு பேணப்பட்டது என்பதே, என் மதிப்பில், அப்பிரதியின் பூர்வோத்தரத்திலேயே மேலான அத்தியாயம். வாக்கு எவர்க்கும் சொந்தமன்று, மெய்தான். ஆயினும் காகிதமும் மையும் தோலுமாகிய பிரதிக்கு ஓர் உடல் உண்டு, அவ்வுடலை நம்பி ஒப்படைத்த கைகளும் உண்டு. கோயில் சொத்துக்கு அரசன் அதிபதியல்லன், பரிபாலகனே என்ற நம் பழைய தர்மத்தின்படி, அந்நூல் தஞ்சைக்கே திரும்ப வேண்டும்.