எது, எவ்வளவு

சாப்பாட்டின் முன் உட்கார்ந்ததும் ஒரு கணம் கண்ணை மூடிக் கும்பிடுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். சீலியாக் நோய் உள்ளவருக்கு அந்தக் கணத்தில் நன்றியோடு ஒரு கேள்வியும் எழும்: இதில் கோதுமை கலந்திருக்குமோ? உடல் பருமனும் சேர்ந்துவிட்டால் இன்னொரு கேள்வி: எவ்வளவு போதும்? இப்படி இரண்டு கேள்விகளோடு வாழ்கிற ஒருவர், எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று யோசிக்கத் தொடங்கினால், அந்த யோசனை வயிற்றோடு நிற்காது. தன் உடம்பைத் தான் எந்தக் கண்ணால் பார்க்கிறோம் என்பது வரைக்கும் அது போகும்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைக் கண்டதும் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தச் சிறுகுடலையே தாக்குவதுதான் சீலியாக். உணவின் சத்தை எடுத்துக்கொள்ளும் குடலுறிஞ்சிகள் இதில் தேய்ந்துபோகின்றன. இந்த நோயாளி என்றாலே மெலிந்திருப்பார் என்று பலரும் நினைக்கிறார்கள். பருமனாக இருப்பவருக்கும் சீலியாக் வரும். கோதுமையை நிறுத்தியபின் குடல் ஆறிச் சத்து சேரத் தொடங்கியதும் எடை கூடுகிறவர்களும் உண்டு. எடையைக் குறைக்க ஊரே சொல்லும் யோசனையோ, "சோற்றை விட்டுட்டு ரெண்டு சப்பாத்தி சாப்பிடுங்க" என்பது. ஏகாதசிக்கும் கிருத்திகைக்கும் பல வீடுகளில் பலகாரம் ரவை உப்புமாதான். இரண்டும் கோதுமைதான்; அடுத்தவருக்கு விரதமாக இருப்பதே இவருக்கு நோயாகிறது. அவரவர் உடம்புக்கு அவரவர் தர்மம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் கற்றுத்தர முடியாது.

அறுவைச் சிகிச்சையில் இரண்டு முறைகள் அதிகம் பேசப்படுகின்றன. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றிவிட்டுக் குழாய் போன்ற பகுதியை மட்டும் விடுவார்கள். சிறுகுடலில் கை வைப்பதில்லை. பைபாஸ் முறையில் இரைப்பையை ஒரு சிறு பையாக்கி, சிறுகுடலின் முதல் பகுதியை உணவு தொடாமலே கடந்துபோகும்படி இணைப்பார்கள். இரும்புச்சத்தும் கால்சியமும் திறம்பட உடலில் சேரும் இடம் அந்த முதல் பகுதி. சீலியாக் பெரிதும் புண்ணாக்குவதும் அதே இடத்தைத்தான். பைபாஸுக்குப் பின் அங்கே வழக்கமான எண்டோஸ்கோப்பியால் எட்டிப் பார்ப்பதும் கடினம். சீலியாக் உள்ளவருக்கு ஸ்லீவ் பற்றி மருத்துவர்கள் முதலில் யோசிப்பதற்கு இவை காரணங்கள். எந்த முறையானாலும் வைட்டமின் மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனையும் ஆயுளுக்கும் தொடரும். அந்த மாத்திரையிலும் கோதுமை மாவுப்பொருள் இல்லையென்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்கு 'மருந்து' என்று பெயர். உள்ளே போனால் மூலிகைப் பட்டியல் எதுவும் இல்லை; பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றிய பேச்சுதான். உடம்புக்கு முரண்படாததை உண்பது, அதையும் அளவோடு உண்பது என்ற இரண்டும் அங்கே அருகருகே நிற்கின்றன. சீலியாக் கேட்பது முதலாவதை, பருமன் கேட்பது இரண்டாவதை. அறுவைச் சிகிச்சை 'எவ்வளவு' என்பதற்குத் துணை செய்யும். 'எது' என்ற கேள்விக்கு எந்தக் கத்தியும் பதில் சொல்லாது. இரைப்பை சிறுத்தபின்னும் கோதுமை கோதுமையாகவே இருக்கும்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் குடல் ஆற வேண்டும். பெரியவர்களுக்கு அதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். ரத்தசோகை, எலும்பின் பலம், வைட்டமின் அளவுகள் எல்லாவற்றையும் பார்த்துச் சரிசெய்தபின் கத்தியைப் பற்றிப் பேசலாம். குடல்நோய் மருத்துவரும் அறுவை மருத்துவரும் உணவியலாளரும் கலந்து பேசட்டும். காத்திருப்பதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

இந்தக் காத்திருப்பில் மனத்தைக் கேட்டுப் பார்க்க ஒன்று உண்டு: இதைச் செய்துகொள்ள நினைப்பது உடம்பின் மேல் உள்ள கோபத்தாலா, கருணையாலா? கோபத்தோடு இருக்கும் விரதம் வெறும் பட்டினி. உறவினரின் கேலிக்கும் கண்ணாடியின் முன் வரும் வெட்கத்துக்கும் பதிலாக உடம்பைத் தண்டித்தால், எடை இறங்கினாலும் பகை இறங்காது. மூட்டு வலிக்கிறது, சர்க்கரை ஏறுகிறது, இந்த உடம்பு இன்னும் பல காலம் நடமாட வேண்டும் என்ற அக்கறையில் எடுத்த முடிவென்றால், அதில் வெட்கப்பட ஏதுமில்லை. வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அப்படித்தான். உயிர் குடியிருக்கும் கோயில் என்று நம் சித்தர்கள் கண்ட உடம்பு இது. பழுதுபார்ப்பதும் கோயில் பணிதான்.

சீலியாக் உள்ளவரோடு வாழ்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோயிலில் கொடுத்த ரவா கேசரியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்தவர் கையில் கொடுக்கிறவரை, "கொஞ்சமா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, சாமி பிரசாதம்" என்று வற்புறுத்தாதீர்கள். கொஞ்சமும் ஆகாது. புளியோதரையில் போட்ட கூட்டுப் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு இருக்கலாம். அவர் மறுப்பது கோதுமையைத்தான், உங்கள் அன்பையோ ஆண்டவனையோ அல்ல. அவர் இலையில் அவருக்கு ஏற்றதை, அவர் போதும் என்னும்வரை பரிமாறுங்கள். போதும் என்றதும் கரண்டியை எடுத்துவிடுங்கள்.