நீளக் கைச் சட்டைக்குள்ளே



பொதுக்காலத்தின் ஆறாம் ஞாயிறும் பெப்ரவரி 11ஆம் திகதியும் இந்த முறை ஒன்றாக வந்திருக்கின்றன. லூர்து அன்னையின் இந்த நாளைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் உலக நோயாளர் நாளாக ஏற்படுத்தினார்.

முதல் வாசகம் லேவியர் நூலின் 13ஆம் அதிகாரம். தடிப்பு, பொருக்கு, படலம் என்று வாசிக்கக் கேட்டபோது சிலர் முகம் சுளித்ததைப் பீடத்திலிருந்து பார்த்தேன். கோவிலுக்குள் தோல் வருத்தத்தைப் பற்றியா பேச்சு என்று நினைத்திருப்பீர்கள். ஆம், இன்று அதைப் பற்றித்தான். யாழ்ப்பாணத்தின் இந்தத் தீவகத்தில் கையில் கடியோடு பூசைக்கு வருகிறவர்கள் உங்களுக்குள் இருக்கிறார்கள். கொளுத்தும் வெயிலிலும் நீளக் கைச் சட்டை. நற்கருணை வாங்கக் கையை நீட்டாமல் நாவை நீட்டுகிறீர்கள். பக்தியினால் நாவில் வாங்குகிறவர்கள் வேறு. மணிக்கட்டில் இருக்கும் பொருக்கைச் சுவாமி காணக்கூடாது என்று வாங்குகிறவர்கள் வேறு. எனக்கு இரண்டும் தெரியும்.

லேவியர் 13 வாசிக்கச் சலிப்பான அதிகாரம்தான். ஆனால் அதில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. குரு தோலைப் பார்க்கிறார். சந்தேகமென்றால் ஏழு நாள் பொறுத்து மறுபடி பார்க்கிறார். அதற்குப் பிறகும் ஏழு நாள். மயிர் வெளுத்திருக்கிறதா, தோலுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா, பரவியிருக்கிறதா என்று பார்க்கிறாரே தவிர, நீ என்ன பாவம் செய்தாய் என்று அந்த இடத்தில் கேட்பதில்லை. யோபுவின் நண்பர்களுக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை. சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுத் துண்டினால் உடம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தவனுக்குப் பக்கத்தில் ஏழு நாள் வாய் திறவாமல் இருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். வாயைத் திறந்ததும் பாவக் கணக்குக் கேட்டார்கள். நம்முடைய ஊர்களிலும் அதே கணக்குத்தான்: செய்வினை, கண்ணூறு, குளிக்காத ஊத்தை.

யோபு சுரண்டியதைக் குறை சொல்ல முடியாது. சொறியும்போது ஏற்படும் சிறு நோவு கடியை ஒரு கணம் அமர்த்துகிறது. ஆனால் அந்த நோவைத் தணிக்க மூளை விடுகிற செரோட்டோனின் என்ற பொருளே கடியைக் கொண்டுபோகும் நரம்புகளையும் தட்டி எழுப்புகிறது. ஆகவே சொறியச் சொறியக் கடி கூடும்; தோல் தடிக்கும்; தடித்த தோல் இன்னும் கடிக்கும். "சொறியாதே" என்று பிள்ளையின் கையில் அடிக்கிற தாய்மாரே, அது அடியால் நிற்கிற காரியம் அல்ல. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். ஈரத் துணியைக் குளிரக் குளிரப் போட்டுவிடுங்கள்.

நெடுந்தீவிலிருந்து ஊர்காவற்றுறை வரை எங்கள் கிணறுகள் பல உவர்ப்பானவை. உவர்த் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. நுரைக்கவில்லையென்று இன்னும் தேய்க்கிறோம். சவர்க்காரம் தோலில் படிந்து எண்ணெய்ப் பசையை உரித்துவிடுகிறது. பிறகு சோளகக் காற்று. வறண்ட தோல் அதுவாகவே கடிக்கும், கரப்பன் உள்ளவருக்கு இரட்டிப்பாக. கன நேரம் குளிக்காதீர்கள். உரஞ்சித் துடைக்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசுங்கள். வறட்சிக்கு இது போதும்.

ஆனால் இரவில் கடி கூடுகிறதா? விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் முழங்கையிலும் சிறு கொப்புளங்களா? வீட்டில் இன்னொருவரும் சொறிகிறாரா? அப்படியென்றால் அது சிரங்காக இருக்கலாம். கண்ணுக்குத் தெரிவதற்கு அரிய ஒரு சிற்றுண்ணி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. முதல் தடவை தொற்றியவருக்குக் கடி தொடங்க 4 முதல் 6 கிழமை ஆகும். அதற்குள் அவர் வீட்டில் பலருக்குக் கொடுத்துவிடுவார். ஊத்தையால் வருவதல்ல இது. ஒரே பாயில் படுப்பதால், பிள்ளையை அணைப்பதால், கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதால் வருகிறது. அன்பு போகிற வழியால் போகிற நோய்க்கு ஏன் வெட்கப்பட வேண்டும்?

மருந்து இருக்கிறது. பெர்மெத்ரின் 5 வீதக் கிறீமைக் கழுத்திலிருந்து பாதம் வரை, நகக்கண்ணையும் விடாமல், இரவில் பூசிக் காலையில் கழுவ வேண்டும். ஒரு கிழமைக்குப் பிறகு இன்னொரு தடவை. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வைத்தியரைக் கேட்டே பூசுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், வீட்டில் கடி உள்ளவரும் இல்லாதவரும் ஒரே இரவில் பூசுவது. "எனக்கு ஒன்றுமில்லை" என்று ஒதுங்குகிற தகப்பனிடமிருந்துதான் அது பிள்ளைகளுக்குத் திரும்பி வரும். உடுப்பையும் விரிப்பையும் சுடுதண்ணீரில் தோய்த்து வெயிலில் போடுங்கள். உண்ணி செத்த பிறகும் இரண்டு மூன்று கிழமை கடிக்கும். மருந்து பிழை என்று விட்டுவிடாதீர்கள். சிரங்கைச் சும்மா விட்டால் புண்ணில் கிருமி ஏறிச் சிறுநீரகம் வரை போவதுண்டு.

பார்மசியில் கேட்டு வாங்கிப் பூசுகிற கலப்புக் கிறீம்களைப் பற்றி ஒரே வார்த்தை: ஸ்டீரொயிட் கலந்ததைப் படைக்குப் பூசினால் சிவப்பு அடங்கும், படை உள்ளே பரவும். வேண்டாம்.

இன்னொன்று, கடலுக்குப் போகிறவர்களுக்கு. தோலில் ஒரு பொருக்கும் இல்லை, முழங்கைக்குக் கீழே வெளிப்புறம் மட்டும் எரிந்து கடிக்கிறது, வெயிலில் நின்றால் கூடுகிறது, ஐஸ் வைத்தால் உடனே அடங்குகிறது. இது தோலில் பிறக்கிற கடி அல்ல. பலருக்குக் கழுத்தெலும்புக்கிடையில் நெரிபடும் நரம்பில் தொடங்குகிறது, வெயில் அதை வளர்க்கிறது. மீன் பெட்டியில் இருக்கும் ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள். வெயிலுக்குக் கையை மூடுங்கள். நீளக் கைச் சட்டைக்கு அது நல்ல காரணம். கழுத்தையும் வைத்தியரிடம் காட்டுங்கள். தோலில் ஒன்றும் இல்லாமல் உடம்பு முழுவதும் கடித்தாலோ இரத்தமும் சலமும் சோதிக்க வேண்டும். ஈரல், சிறுநீரகம், தைரொயிட் எல்லாம் இப்படி முறையிடுவதுண்டு.

இனி நற்செய்திக்கு வருவோம். மாற்கு முதலாம் அதிகாரத்துத் தொழுநோயாளர் தன் புண்ணை மறைக்காமல் முழந்தாளிட்டு வந்தார். இயேசு கையை நீட்டி முதலில் தொட்டார். அதற்குப் பிறகுதான் குணமாக்கினார். தொடாமலே குணமாக்க அவருக்கு முடியும். அந்த மனிதரை எத்தனை வருடம் யாரும் தொடாமல் இருந்தார்களோ! பிறகு நடந்ததையும் கவனியுங்கள். குணமானவர் நடந்ததைச் சொல்லிக்கொண்டு ஊரெங்கும் போகிறார். இயேசுவோ ஊருக்குள் வர முடியாமல் வெளியே நிற்கிறார். இடம் மாறிவிட்டது.

வெளியே நிற்பது என்னவென்று தீவாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த நாட்டில் தொழுநோயாளரை ஒதுக்கி வைக்க ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தலையில் இல்லம் கட்டினார்கள். பிற்காலத்தில் மட்டக்களப்பில் அதற்குத் தேர்ந்த இடம் வாவிக்குள் இருக்கும் மாந்தீவு. ஆட்களை மறைக்கத் தீவு வசதி என்று நினைத்தார்கள். இன்று அந்த நோய்க்கு 6 அல்லது 12 மாத மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. மருந்து தொடங்கியவரிடமிருந்து தொற்றும் சீக்கிரமே நின்றுவிடும். தொழுநோயின் தேமல் பெரும்பாலும் கடிக்காது, மரத்திருக்கும். கடிக்கிற தோலை விட, கிள்ளினாலும் உணராத வெளிறிய தேமலுக்கே விரைந்து வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

புனித யோசேப் வாஸ் 1687இல் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். பத்து வருடம் கழித்துக் கண்டியில் அம்மை பரவி, நோயாளரைக் காட்டில் விட்டுவிட்டு ஊர் ஓடியபோது, அவர் ஓடாமல் நின்று அவர்களைக் கழுவினார், ஊட்டினார், புதைத்தார். 2015இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். நாம் அவர் அளவுக்குப் போக வேண்டாம். பக்கத்து வாங்கிலில் இருக்கிறவர் சொறிகிறபோது தள்ளி உட்காராமல் இருந்தால் இப்போதைக்குப் போதும்.

வருகிற புதன் திருநீற்றுப் புதன். தவக்காலத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்கிறவர்களுக்கு இதைக் கேட்கிறேன்: கடி உள்ள கையை இந்தக் கிழமை ஒருவருக்காவது காட்டுங்கள். ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள்; அங்கிருந்து துண்டு தந்தால் யாழ். போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குப் போங்கள். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் இருக்கிற உங்கள் சொந்தக்காரருக்கும் சொல்லுங்கள். படகுக்கும் பஸ்ஸுக்கும் காசு இல்லையென்றால், வீட்டில் எல்லாருக்கும் கிறீம் வாங்க வசதி இல்லையென்றால், பூசை முடிந்து பங்குமனைக்கு வாருங்கள். வரும்போது கையை மறைக்க வேண்டாம்.