இல்லாமை

ஆன்லைன், ஆஃப்லைன் இரண்டும் எதிர்ச்சொற்கள் என்று தோன்றும். ஆனால் அவை ஒரே தளத்தில் நிற்பவை அல்ல. முன்னது ஓர் இயந்திரத்தோடு கொண்ட தொடர்பு. பின்னது, அத்தொடர்பு வருமுன் மனிதன் இருந்த இருப்பு முழுவதன்மீதும் பிற்பாடு ஒட்டப்பட்ட சீட்டு.

தபால் மட்டுமே இருந்த நாட்களில் பதில் வராமைக்குப் பல அர்த்தங்கள் சாத்தியம்: கடிதம் சேரவில்லை, ஆள் ஊரில் இல்லை, எழுத மனமில்லை. அந்த நிச்சயமின்மை உறவைக் காத்தது. 2014 நவம்பரில் வாட்ஸ்அப் நீலக் குறிகளைக் கொண்டுவந்தது. மௌனம் ஒரு செயலாகிவிட்டது.

என் செய்தி நீலமானதைப் பார்த்து நண்பர் ஒருவர்மேல் மூன்று நாள் கோபமாக இருந்தேன். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். குறி பொய் சொல்லவில்லை, படித்தார் என்றது. பதிலெழுதக் கை எழவில்லை என்பது அதற்குத் தெரியாது. அதற்குமேல் தெரிந்துகொள்ள நான் முயலவில்லை.

வாசலில் குழந்தை ‘அப்பா இல்லை’ என்றால், வெளியே போயிருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்பதைக் குரலிலிருந்து அறிகிறோம். தமிழின் ‘இல்லை’ இரண்டுக்கும் பொது. அதனாலேயே கேட்பவன் சொல்பவரின் முகத்தைப் பார்த்தாக வேண்டியிருக்கிறது. நண்பர் போனபின்னும் அவர் பெயருக்குக் கீழே, கடைசியாக வந்துபோன நேரம் பல நாள் இருந்தது. தூங்கப் போனவருக்கும் அப்படித்தான் காட்டும்.