கைப்பிடிச்சுவர் இல்லாத மாடி

தியான வேதபகுதி: உபாகமம் 22:8

 

இந்த மாதச் செய்தியை நான் கண்ணீரோடு எழுதுகிறேன். பிரசங்கமாக அல்ல, பாவ அறிக்கையாகவே எழுதுகிறேன். வாசித்துவிட்டு என்னைக் குற்றப்படுத்தினாலும் பரவாயில்லை. வாசிக்காமல் மட்டும் விட்டுவிடாதிருங்கள்.

நம்முடைய சபையில் ஆராதனைக்கு டிரம் வாசித்த ஒரு வாலிபத் தம்பியை உங்களில் அநேகர் அறிவீர்கள். இருபத்தாறு வயது. கன்டெய்னர் யார்டில் வேலை. மனைவி, இரண்டு வயதுப் பெண் குழந்தை, விதவைத் தாயார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தவணையில் எடுத்த புது பைக்கை சபை வாசலில் நிறுத்தி, "பாஸ்டர் ஐயா, வண்டிக்கு ஜெபம் பண்ணுங்க" என்றார். நானும் சந்தோஷமாய் எண்ணெய் தொட்டு ஹேண்டில்பாரில் பூசி, கை வைத்து, 91-ம் சங்கீதத்தை நினைவுகூர்ந்து ஜெபித்தேன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள்.

கண்ணாடியில் ஒரு ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் கவர்கூட பிரிக்கவில்லை. தம்பி அதைக் கழற்றி அம்மா கையில் கொடுத்து, "நீ எடுத்துக்கினு போம்மா. அதான் பாஸ்டர் ஜெபம் பண்ணிட்டாரே, இது எதுக்கு?" என்று சிரித்தார்.

பிரியமானவர்களே, நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அவிசுவாசமாகப் போய்விடுமோ என்று நினைத்தேனோ, புது வண்டி சந்தோஷத்தைக் கெடுக்கவேண்டாம் என்று நினைத்தேனோ, தெரியாது. ஆனால் அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

நாலு மாதம் கழிந்தது. இரண்டாம் ஷிப்ட் முடிந்து தம்பி வீடு திரும்புகிற நேரம். எண்ணூர் விரைவு சாலையின் ஓரத்தில், பின்விளக்கு எரியாமல் ஒரு டிரெய்லர் நின்றுகொண்டிருந்தது. இருட்டில் அது நிற்பது தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வந்து சேருமுன்னே எல்லாம் முடிந்துவிட்டது. உடம்பில் வேறே பெரிய காயம் ஒன்றும் இல்லை. தலையில்தான்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் மறுநாள் மதியம் வரைக்கும் காத்திருந்தோம். அடக்க ஆராதனை முடிந்து மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனேன். அந்தத் தாயார் பீரோமேல் இருந்து ஹெல்மெட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்கள். அதே கவர். "தலைக்கு வாங்குனது தலைக்குப் போகலையே ஐயா. இத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்றார்கள். எனக்குப் பதில் இல்லை.

அதைவிட வேதனையான காரியம் அடுத்த ஞாயிறு நடந்தது. சாட்சி வேளையில் ஒரு சகோதரன் எழுந்து, "பைக்குல இருந்து தூக்கி எறியப்பட்டேன், ஹெல்மெட் கூட போடலை, கர்த்தர் ஒரு கீறல் இல்லாமல் காப்பாற்றினார்" என்று சொல்ல, சபையே அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தது. மூன்றாம் வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்த அந்தத் தாயாரை நான் பார்த்தேன். தலையைக் குனிந்து புடவை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அப்படியானால் கர்த்தர் என் பிள்ளையை நேசிக்கவில்லையா என்று அந்த உள்ளம் கேட்டிருக்கும் அல்லவா? தப்பித்தவன் வந்து சாட்சி சொல்லுகிறான். தப்பிக்காதவன் கல்லறையிலிருந்து எழுந்து வந்து, "ஹெல்மெட் போடுங்க" என்று சாட்சி சொல்ல முடியாது. ஒரு பக்கத்துச் சாட்சியை மாத்திரம் கேட்டுக் கேட்டு நாம் தைரியசாலிகள் ஆகிவிட்டோம்.

முதலாவது, விசுவாசமா, பரீட்சையா?

91-ம் சங்கீதத்தை இயேசுவுக்கு எடுத்துக் காட்டினவன் யார்? பிசாசு! மத்தேயு 4-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, கீழே குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்றான். ஆண்டவர் குதிக்கவில்லை. தேவனைச் சோதித்துப் பார்க்கலாகாது என்று வசனத்தாலேயே பதில் கொடுத்தார். தேவகுமாரனே குதிக்காத இடத்தில் நாம் ஏன் குதிக்கவேண்டும்? வெறும் தலையோடு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்விட்டு, "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பது விசுவாசம் அல்ல. அது உப்பரிகையிலிருந்து குதிக்கிறது.

இரண்டாவது, கைப்பிடிச்சுவர்.

இஸ்ரவேலர் வீடுகளுக்கு நம் மொட்டைமாடி போலத் தட்டையான கூரை. அங்கே தூங்குவார்கள், தானியம் உலர்த்துவார்கள், பேதுருவைப் போல ஜெபமும் பண்ணுவார்கள். கர்த்தர் மோசேயைக் கொண்டு என்ன கட்டளை கொடுத்தார்? புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும். எழுப்பாமல் விட்டு ஒருவன் விழுந்து செத்தால், அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும். கவனியுங்கள், "நான் காப்பேன், சுவர் வேண்டாம்" என்று கர்த்தர் சொல்லவில்லை! மாடியில் ஜெபம் பண்ணுகிறவனுக்கும் கைப்பிடிச்சுவர் வேண்டும். காக்கிற தேவன்தான் சுவர் எழுப்பவும் சொன்னார்.

ஹெல்மெட் நம் தலைக்குக் கைப்பிடிச்சுவர். கீழே விழும்போது மேலோடு அடியைப் பரப்பி வாங்குகிறது. உள்ளே இருக்கிற தெர்மாக்கோல் நசுங்கி, மூளைக்குப் போகவேண்டிய அதிர்ச்சியைத் தான் ஏற்றுக்கொள்கிறது. நமக்காக நொறுங்குவதே அதன் வேலை. ஆகவே ஒருதரம் பலமாய் அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக்கூடாது. தாடைப் பட்டை மாட்டாவிட்டால் முதல் அடியிலேயே அது பறந்துபோகும். ரோட்டோரம் விற்கிற மலிவுக் குல்லா அல்ல, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதையே வாங்குங்கள். பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த மருத்துவ அறிஞர்கள், ஹெல்மெட் மரண ஆபத்தைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது என்கிறார்கள்.

இந்த ஞானம் உலகத்துக்கு ஒரு மரணத்தினால் வந்தது. முதல் உலகப்போரில் பேர்பெற்ற 'அரேபியாவின் லாரன்ஸ்' என்ற ஆங்கிலேயர், 1935 மே 13 அன்று தன் மோட்டார் சைக்கிளில் போகும்போது, சைக்கிளில் போன இரண்டு பையன்கள்மேல் மோதாமலிருக்கத் திருப்பி விழுந்தார். தலையில் ஹெல்மெட் இல்லை. ஆறாம் நாள் மரித்தார். வயது 46. அவரைப் பார்க்க அழைக்கப்பட்ட டாக்டர்களில் ஒருவர் மூளை அறுவை நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ். காப்பாற்ற முடியாமற்போன அந்த மனிதர் துக்கப்பட்டு நின்றுவிடவில்லை. தலையடிபட்டு மரித்த மோட்டார் சைக்கிள்காரர்களை ஆராய்ந்து, ஹெல்மெட் உயிர் காக்கும் என்று 1941-ல் எழுதி நிரூபித்தார். பிற்பாடு பிரிட்டனில் 1973-ல் அது சட்டமாயிற்று. பிரியமானவர்களே, நம் தம்பியின் மரணத்திலிருந்து நாம் என்ன கனி கொடுக்கப்போகிறோம்?

நம் தேசத்தின் கணக்கைக் கேளுங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ம் ஆண்டில் சாலை விபத்தில் மரித்தவர்கள் 1,68,491 பேர். ஒரு நாளைக்கு 460-க்கும் மேல். அதில் ஹெல்மெட் போடாமல் மரித்தவர்கள் மாத்திரம் 50,029 பேர். ஓட்டினவர்கள் 35,692. பின்னால் உட்கார்ந்தவர்கள் 14,337. சகோதரரே, பின்னால் உட்கார்ந்திருப்பது யார்? ஒரு பக்கமாய் உட்கார்ந்து, கையில் வேதப்பையும் மடியில் குழந்தையுமாய் ஆராதனைக்கு வருகிற உன் மனைவி! உன் தலைக்கு ஒன்று போட்டு அவள் தலையை வெறுமையாய் விடுகிறாயே, இது என்ன அன்பு? 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ம் பிரிவு, 2019 திருத்தத்தின்படி, நாலு வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் ஹெல்மெட் அணியவேண்டும் என்கிறது. சென்னையில் 2022 மே மாதம் முதல் பின்னால் உட்காருகிறவர்களையும் போலீஸார் நிறுத்திக் கேட்கிறார்கள். போலீஸைக் கண்டதும் மாட்டி, தாண்டினதும் கழற்றுகிறவன் யாரை ஏமாற்றுகிறான்?

மூன்றாவது, நம் வழிகளைச் சோதித்துப் பார்ப்போம்.

புல்லட் வண்டி பல்லாண்டு காலம் உருவான ஊர் நம் திருவொற்றியூர். வண்டி நமக்குப் புதிதல்ல. ஆனால் ரோடு மாறிவிட்டது. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று மூன்று துறைமுகத்துச் சரக்கும் நம் வடசென்னை ரோடுகளில்தான் ஓடுகிறது. நாற்பதடிப் பெட்டி ஏற்றின டிரெய்லர் திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்ளே வெட்டி வரும். கேபினுக்கு இடப்பக்கம் ஒட்டி நிற்கிற பைக் டிரைவருக்குக் கண்ணில் படாது. சந்து கிடைத்தது என்று இடது பக்கம் நுழையாதே. அவன் கண்ணாடியில் அவன் முகம் உனக்குத் தெரியாவிட்டால், நீயும் அவனுக்குத் தெரியவில்லை என்று அறிந்துகொள்.

யெகூ வருவதை ரதம் ஓட்டுகிற வேகத்தைக் கொண்டே காவற்காரன் அடையாளம் சொன்னான் என்று 2 இராஜாக்கள் 9-ல் வாசிக்கிறோம். நம் வாலிபர் சிலரை சைலன்சர் சத்தத்தைக் கொண்டே தெருவே அடையாளம் சொல்லுகிறது! பத்தாம் வகுப்புப் பையனுக்குச் சாவியைக் கொடுக்கிற தகப்பனே, முட்டுகிற மாடு என்று தெரிந்தும் கட்டாமல் விட்டவனைப் பற்றி யாத்திராகமம் 21 சொல்லுவதை வாசி. பழி மாட்டின்மேல் மட்டுமல்ல, மாட்டுக்காரன்மேலும் வந்தது. இன்றைய சட்டமும் அப்படியே. பிள்ளை ஓட்டினால் தகப்பனுக்கு மூன்று வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

ஊழியக்காரராகிய எங்களுக்கும் ஒரு வார்த்தை. பவுல் நடுராத்திரி மட்டும் பிரசங்கித்தபோது ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்தான். பவுல் பிரசங்கத்தை நிறுத்திக் கீழே இறங்கி ஓடினார். வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபம் முடித்து, விடிகாலை நாலரை மணிக்குத் தூக்கக் கண்ணோடு உங்களை பைக்கில் அனுப்பிவைத்தவன் நான். அதே நேரம் ரோட்டில் வருகிற லாரிக்காரனும் இரவெல்லாம் தூங்காதவன். நானே மூன்று பேரோடு ஒரு வண்டியில் வீட்டுக்கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். கர்த்தர் என்னை மன்னிப்பாராக. இனி முழு இரவு ஜெபம் முடிந்தால் வெளிச்சம் வரும்வரை சபையிலேயே படுத்திருந்து போங்கள். டீயும் பன்னும் சபை கொடுக்கும்.

கடைசியாக, வழியில் அடிபட்டுக் கிடப்பவனைக் கண்டால் ஆசாரியனைப் போலவும் லேவியனைப் போலவும் விலகிப் போகாதிருங்கள். போட்டோ எடுத்துக்கொண்டும் நிற்காதிருங்கள். 108-க்குப் போன் பண்ணுங்கள். உதவினவனைப் போலீஸோ ஆஸ்பத்திரியோ அலைக்கழிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே உறுதி செய்திருக்கிறது. 2019 திருத்தச் சட்டமும் அந்தப் பாதுகாப்பைக் கொடுக்கிறது. நம் மாநிலத்தில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. அதன்படி விபத்தில் சிக்கினவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, குறித்த வரம்புக்குள், அரசாங்கமே ஏற்கிறது. பணத்துக்குப் பயந்து ஒருவனையும் ரோட்டில் விட்டுவிடாதிருங்கள். அந்த டிரெய்லர் டிரைவருக்காகவும் ஜெபியுங்கள். பயந்து ஓடின அவருக்கும் எங்கேயோ ஒரு வீடு இருக்கும், இராத்திரி தூக்கம் இருக்காது.

நம் தம்பி வீட்டில் இன்றைக்கு என்ன நிலைமை தெரியுமா? வண்டி ஓடவில்லை, வண்டித் தவணை ஓடுகிறது. நஷ்டஈட்டு வழக்கில், ஹெல்மெட் போடாததால் தொகை குறையலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். தெருவில் எந்த பைக் ஹாரன் அடித்தாலும் அந்தக் குழந்தை "அப்பா" என்று வாசலுக்கு ஓடுகிறது. அந்தச் சகோதரி பின்னாலேயே போய்த் தூக்கி வருகிறாள். இதுதான் விபத்து. பேப்பரில் வருவது நாலு வரி. வீட்டில் நடப்பது நாற்பது வருஷம்.

ஆகவே சபையில் ஒரு தீர்மானம் செய்திருக்கிறோம். இனி வண்டிக்கு ஜெபம் கேட்டு வருகிறவர் இரண்டு ஹெல்மெட்டோடு வரவேண்டும், லைசென்ஸ் காட்டவேண்டும். முதலில் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி, பட்டையை நானே இழுத்துப் பார்ப்பேன். அப்புறம்தான் எண்ணெய். யாராவது "அதான் ஜெபம் பண்ணிட்டீங்களே" என்று சொன்னால், இந்தமுறை நான் சிரிக்கமாட்டேன்.

ராத்தலைச் சீலையில் சுற்றி வைத்த ஊழியக்காரனை எஜமான் கடிந்துகொண்டார். கர்த்தர் கொடுத்த பாதுகாப்பை பிளாஸ்டிக் கவரில் சுற்றி பீரோமேல் வைத்திருக்கிறவர்களே, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அதைப் பிரியுங்கள்.

அந்தத் தாயார் என் மடியில் வைத்த ஹெல்மெட்டுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குப் பதில் கிடைத்தது. அவர்கள் முன்பாகவே கவரைக் கிழித்து என் தலையில் மாட்டிக்கொண்டேன். கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கிறது. அம்மா கிட்டே வந்து தாடைப் பட்டையை மாட்டிவிட்டு, "பத்திரமா போய்ட்டு வாங்க ஐயா" என்றார்கள். மகனுக்குச் சொல்லவேண்டிய அந்த வார்த்தையை இப்போது ஒவ்வொரு நாளும் நான் சுமந்துகொண்டு போகிறேன்.

ஜெபிப்போம். எங்கள் பரம பிதாவே, நீர் கொடுத்த ஜீவனை நாங்கள் அற்பமாய் எண்ணினதை மன்னியும். எங்கள் வாலிபரின் வேகத்தை அடக்கும். லாரி ஓட்டுகிற சகோதரருக்கு இளைப்பாறுதல் தாரும். விதவைகளையும் தகப்பனில்லாத பிள்ளைகளையும் தாங்கும். எங்கள் மாடிகளுக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்புகிற கீழ்ப்படிதலை எங்களுக்குத் தந்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் அன்புச் சகோதரனும் சபை ஊழியனும்,
எண்ணூர்.