சாமி முன்னே போன மலை

சின்னசேலம் ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும்போது வடமேற்கே பாருங்கள். நீலமாகப் படுத்திருக்கும் கல்வராயன் மலையில், தூரத்திலிருந்து ஒரு மனுஷ நடமாட்டமும் தெரியாது. மாயக்கதைகளில் யாரும் போகாத ஒரு புனித நாடு வருமே, அந்த மாதிரி.

அங்கே வாழும் மக்களுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், மலையில் வாழ்பவர், அவ்வளவுதான். சேலம் வட்டார மலையாளிகளின் பழங்கதை ஒன்றை 1909இல் வெளியான தம் நூலில் எட்கர் தர்ஸ்டன் குறித்திருக்கிறார். காஞ்சியில் இருப்புக் கொள்ளாமல் கரிராமன் சாமி வேறு இடம் தேடிப் புறப்பட்டதாம். பெரியணன், நடுவணன், சின்னணன் என்ற மூன்று பக்தர்கள் குடும்பத்தோடு பின்னாலேயே நடந்தார்களாம். பெரியணன் சேர்வராயன் மலைக்கு, நடுவணன் பச்சைமலைக்கு, சின்னணன் மஞ்சவாடிக்கு.

மனிதன் ஊர் அமைத்துவிட்டுச் சாமியை அழைப்பதுதான் வழக்கம். இங்கே சாமி முதலில் குடியேறியது. ஆள் பிறகு வந்தான். கதையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

ஆனால் கல்வராயன் மலையாளிகளுக்கு அவர்கள் மண் எளிதில் வாய்க்கவில்லை. சுதந்திரம் வந்து 29 ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் அங்கே ஜாகிர் என்னும் நிலக்கிழார் ஆட்சி முடிந்தது. அதுவரை பலர் கூலியில்லா வேலைக்குக் கட்டுப்பட்டவர்கள். அந்த நீல மலைக்குள் இதுவும் இருந்தது. கீழே நின்ற நமக்குத்தான் தெரியவில்லை.